18-வது மாடியில் ஆச்சி... ஓ.எம்.ஆர். உயரத்துக்கு என்ன விலை?

“ஏட்டி, இன்னைக்கு இது ஒம்பதாவது லாரி!”

ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள் ஆச்சி. எட்டிப் பார்த்தேன். தீப்பெட்டி சைஸில் ஒரு தண்ணீர் டேங்கர் கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்றது படூரில், சித்தி வீட்டு 18-வது மாடியில்.

ஓ.எம்.ஆர். வானம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லி ஆபீஸில் அனுப்பியிருந்தார்கள். அதே சாலையில்தான் அப்பாவும் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறார். ‘அப்படியே அதையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு’ என்று வீட்டிலிருந்து மெசேஜ். பிங்க் பஸ் கிடைத்ததால் டிக்கெட் செலவும் இல்லை. ஜன்னலோர சீட் மட்டும் சோழிங்கநல்லூர் வரை கிடைக்கவில்லை.

இந்தச் சாலைக்கு 2000-ல் திறந்த டைடல் பார்க்தான் வாசல் மாதிரி. பெருங்குடி, துரைப்பாக்கம் வரை கண்ணாடி போட்ட ஆபீஸ் கட்டடங்கள். நடுவில் மெட்ரோ தூண்கள் வேறு. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரப்போகும் பாதை அது. சோழிங்கநல்லூர் தாண்டியதும் காட்சி மாறுகிறது. செம்மஞ்சேரி, நாவலூர், ஏகாட்டூர், படூர் என்று வரிசையாகக் குடியிருப்புக் கோபுரங்கள். பால்கனியில் துணி காய்கிறது. பக்கத்திலேயே இன்னும் பூச்சு வேலை முடியாத சிமென்ட் எலும்புக்கூடுகள், அதன் தலையில் கிரேன். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த குழந்தை மாடிகளை எண்ண ஆரம்பித்து, பஸ் நகர்ந்ததால் கணக்கை விட்டுவிட்டு அழுதது.

ஏன் இவ்வளவு உயரம்? பதில் விதிமுறையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது ‘உயரமான கட்டடம்’. அதற்குக் கீழே இருந்தால் மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். உயரமான கட்டடம் என்றால் 3.25 மடங்கு. 10 கிரவுண்ட் நிலம், அதாவது 24,000 சதுர அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாகக் கட்டினால் 48,000 சதுர அடி. உயர்த்தினால் 78,000. சாலை அகலமாக இருக்க வேண்டும், தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டுதான். ஆனால் இந்த விலை விற்கிற நிலத்தை வாங்கியவர் எதைத் தேர்வு செய்வார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

படூர் போவதற்கு முன், சோழிங்கநல்லூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் பெரும்பாக்கம் போனேன். ஓ.எம்.ஆர். உயரம் என்றால் எல்லாரும் கடல் தெரியும் ஃப்ளாட்களைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளும் இங்கேதான் இருக்கின்றன. தரைத்தளமும் அதற்கு மேல் ஏழு மாடிகளுமாக பிளாக் பிளாக்காக நிற்கின்றன. அந்த விதிப்படி பார்த்தால் இவையும் உயரமான கட்டடங்களே.

ஒரு பிளாக் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். “குலுக்கல்ல ஆறாவது மாடி விழுந்துச்சும்மா. எங்க மாமியாருக்கு முட்டி வலி. லிஃப்ட்டு நின்னா அது அப்டியே மேலயே கெடக்கும். கீழ் வீட்டுக்காரங்க யாராவது மாத்திக்கிறாங்களான்னு கேட்டுப் பாத்தேன், யாரும் ஒத்துக்கல” என்றார். கூவம் ஓரத்தில் இருந்தபோது வாசலிலேயே இட்லி கடை போட்டவராம். “ஆறாவது மாடில யாரு வந்து இட்லி வாங்குவா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் வழியில் சாலையோரம் சதுப்பு நிலம். நாணலுக்கு நடுவே நீர்க்கோழிகள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று அர்த்தம். தென்சென்னையின் மழைநீர் பல ஏரிகள் வழியாக இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, முட்டுக்காடு பக்கம் கடலில் கலக்கிறது. அந்த வழியில் இடம் குறையக் குறையத் தண்ணீர் தெருவுக்குள் வருகிறது. கட்டடம் எத்தனை மாடி ஏறினாலும் அதன் கேட் தரையில்தானே இருக்கிறது!

இனி ஆச்சி கதைக்கு வருகிறேன்.

தாத்தா போன பிறகு, 2022-ல் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆச்சியைச் சித்தி இங்கே கூட்டி வந்தாள். ஊரில் எங்கள் வீடு தார்சா, நடுக்கூடம், பின்னால் தொழுவம் என்று நீளமான ஓட்டு வீடு. தெருவில் ஒரே ஒரு மச்சு வீடுதான். மாடி வைத்த வீட்டை ஆச்சி அப்படித்தான் சொல்வாள். அந்த வீட்டுக்காரர்களுக்குக் கோயில் திருவிழாவில் தனி மரியாதை. இப்போது ஆச்சி இருப்பது 18-வது மச்சு. “ஊர்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டா” என்பாள்.

கல்யாணமான புதிதில் தாத்தா அவளை மெட்ராஸுக்குக் கூட்டி வந்து காட்டிய முதல் இடம் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம். 1959-ல் திறந்தபோது அதுதான் இந்தியாவிலேயே உயரமான கட்டடம். 14 மாடி, சுமார் 177 அடி. எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டதை இன்றைக்கும் சொல்வாள். ஒரு மாடிக்குப் பத்து அடி என்று போட்டால் சித்தி வீட்டு ஹால் கிட்டத்தட்ட அந்தக் கட்டடத்தின் உச்சி உயரம். அதற்கு மேலேயும் இந்த டவரில் வீடுகள் இருக்கின்றன.

காட்சி என்னவோ அபாரம்தான். கிழக்கே கால்வாய், அப்புறம் முட்டுக்காடு உப்பங்கழி, அதற்கு அந்தப் பக்கம் ஈ.சி.ஆர்., அப்புறம் கடல். தெற்கே கேளம்பாக்கம் உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகள் போல மின்னுகின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும்போது, தண்ணீர் மேல் யாரோ ரோஸ் பவுடர் கொட்டியதுபோல இருக்கும் என்கிறாள் சித்தி.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது காட்சியைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. டீசல் தீர்ந்தது. சாலையில் தண்ணீர் நின்றதால் டீசலும் வரவில்லை, டேங்கரும் வரவில்லை. லிஃப்ட் நின்றது. மோட்டார் ஓடாததால் குழாயிலும் தண்ணீர் இல்லை. சித்தப்பா கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். ஒரு மாடிக்கு 20 படி. 18 மாடிக்கு 360 படி. மூன்றாவது நடையில் உட்கார்ந்துவிட்டார். ஆச்சிக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்து போனது. எட்டாவது மாடியில் இருந்த, பேர்கூடத் தெரியாத ஒரு பையன் தன் பாட்டியின் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அதே மருந்துதானா என்று டார்ச் அடித்துப் பார்த்து வாங்கினார்களாம். இரண்டு நாள் ஆச்சி கீழே இறங்கவில்லை. லாரிகளை எண்ணும் பழக்கம் அப்போது தொடங்கியதுதான்.

மாலையில் அப்பா சொன்ன சைட்டுக்குப் போனேன். ஏசி ஆபீஸ், கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் மாதிரி, கையில் ஜூஸ். விலைப்பட்டியலைக் காட்டினார் விற்பனைப் பிரிவுத் தம்பி. மாடி ஏற ஏறச் சதுர அடிக்கு விலையும் ஏறுகிறது. ‘ஃப்ளோர் ரைஸ்’ என்று பேர். 12-க்கு அப்புறம் ‘12ஏ’ இருந்தது, 13 இல்லை.

“15-க்கு மேல போனாதான் மேடம் சீ வியூ. கீழ எடுத்தா எதிர் டவர்தான் தெரியும்.”

ஆறாவது மாடியைக் கொடுத்துவிட்டுத் தரைத்தளத்துக்கு ஆள் தேடிய பெரும்பாக்கத்து அக்கா ஞாபகத்துக்கு வந்தார். ஒரே சாலை. அங்கே யாரும் கேட்காத உயரம், இங்கே கூடுதல் பணம் கேட்கிறது.

போனில் அப்பா கேட்கச் சொன்னது யு.டி.எஸ். எவ்வளவு என்று. மொத்த மனையில் நம் வீட்டுக்குப் பத்திரத்தில் எழுதிக்கொடுக்கும் பங்கு அது. வீடுகள் கூடக் கூட அந்தப் பங்கு சுருங்கும். அம்மா கேட்கச் சொன்னது அஸ்திவாரம். 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை அவள் மறக்கவேயில்லை. நானாகக் கேட்டது ஒன்று: ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து எத்தனை மணி நேரம் தாங்கும்? “ஃபுல் பேக்கப் மேடம்” என்றார். எத்தனை மணி நேரம் என்று மறுபடியும் கேட்டேன். சீனியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

திரும்பி வந்தபோது ஆச்சி கீழே இருந்தாள். பார்க்கிங்கை ஒட்டிய சிமென்ட் பெஞ்சில் ஐந்தாறு பாட்டிகள். ஒருவர் விஜயவாடா, ஒருவர் கும்பகோணம். பாஷை பாதிதான் புரியும்போல, ஆனால் பேச்சு நிற்கவில்லை. தினமும் ஐந்தரைக்கு இறங்கி, ஏழு மணிக்குச் சீரியல் போடும்போது ஏறுவார்களாம்.

விலைப்பட்டியலை ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“ரெண்டாவது மச்சு போதும்னு ஒங்கப்பன்ட்ட சொல்லு. எறங்கணும்னா நானே எறங்கிருவேன். கடல் பாக்கணும்னா இவ வீட்டுக்கு ஏறி வாரேன்.”

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். பஸ் நாவலூர் தாண்டும்போது பதில் வந்தது. ‘லோயர் ஃப்ளோர்ஸ் எல்லாம் புக் ஆயிடுச்சு மேடம். சீனியர் சிட்டிசன்ஸ் இருக்கற ஃபேமிலி முதல்லயே எடுத்துட்டாங்க. 16 இருக்கு, பிளாக் பண்ணவா?’

அதை அப்படியே அப்பாவுக்கு அனுப்பினேன். நீல டிக் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.