கட்டவிழ்க்கும் கரங்கள்

பல்லாண்டுகளுக்கு முன்னர், நாம் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய சிற்றூரில், நோயுற்ற மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்தோம். வீட்டின் மூலையில், அறிவு வளர்ச்சி குன்றிய அவர்தம் பேரன் அமர்ந்திருந்தான். அவனது கணுக்கால் பழைய சேலைத் துணியால் சன்னல் கம்பியோடு பிணைக்கப்பட்டிருந்தது. "கட்டாம விட்டா ரோட்டுக்கு ஓடிருவான் சாமி, நான் வேலைக்குப் போகணுமே" என்றார் அன்னை. நாம் ஆசி வழங்கித் திரும்பினோம். அம்முடிச்சைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலாது கருகினர். மாண்டவர் 28 பேர். செய்தியைக் கேட்டபோது நம் கண்முன் நின்றது அந்தச் சேலை முடிச்சே.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுக்கின்றது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்திற்கு மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, பணியாளர் குறைவு என்பதற்காகவோ அதைச் செய்தலாகாது. இது மனநோயுற்றோருக்கான சட்டம்; ஆயினும் அதன் அறம் எல்லா இல்லங்களுக்கும் உரியது. பூட்டிய அறையும், நம் வசதிக்காகத் தரும் தூக்க மாத்திரையும், எட்டாத தொலைவில் நிறுத்திய சக்கர நாற்காலியும் சங்கிலிகளே.

பின்னர் வேறொரு பங்கில், சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர் நமக்குப் பாடம் புகட்டினார். பேச இயலாத மாணவனொருவன் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். கைகளைக் கட்டச் சொன்னார்கள் பலர். அவரோ அவனருகே தலையணை பிடித்தபடி, எப்போது மோதுகின்றான், அதற்குமுன் என்ன நடந்தது என்று நாள்தோறும் குறித்துவந்தார். பெரும்பாலும் உணவு வேளை. காரணம் சொத்தைப் பல்! பல்லைப் பிடுங்கியதும் மோதல் ஓய்ந்தது. வாய் சொல்லாததைத் தலை சொல்லியிருக்கின்றது.

மாற்கு நற்செய்தியில், கெரசேனர் பகுதியில் ஊரார் ஒருவனை விலங்கிட்டனர்; இயேசுவோ அவனிடம் பெயரைக் கேட்டார். குருமடத்தில் இப்பகுதியைப் பலமுறை ஆய்ந்தோம். எனினும், சன்னலோரம் இருந்த அவ்விளைஞனின் பெயரை நாம் கேட்கவில்லை.

அவ்வன்னையைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர் கட்டியது கல்நெஞ்சால் அன்று, ஆளில்லாமையால். பகலில் சிறிது நேரம் அவனருகே அமர நாம் எவரையும் அழைக்கவில்லை. அம்முடிச்சில் நம் கைகளுக்கும் பங்குண்டு.

அன்பர்களே, உங்கள் தெருவிலும் அத்தகைய வீடொன்று இருக்கக்கூடும். கதவைத் தட்டுங்கள். முதலில் பெயரைக் கேளுங்கள்.