வார்த்தைக்குள் பழைய எஜமான்

வேலை சம்பந்தமாக செக் மொழி உலகத்துக்குக் கொடுத்த வார்த்தை என்றதும் நினைவுக்கு வருவது 'ரோபோ'. அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1920ல் வெளியான கரெல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில் மனிதனுக்குப் பதிலாக உழைக்கும் செயற்கைப் பிறவிகள் வருகின்றன. அவற்றுக்கு லத்தீன் வாடையடிக்கும் பெயர் ஒன்றை யோசித்துவைத்திருந்தார் கரெல். அது அவருக்கே பிடிக்கவில்லை. ஓவியரான அண்ணன் யோசெஃப் சொன்ன பெயர்தான் நிலைத்தது. 'ரோபோட்டா' என்றால், குடியானவன் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்துதீர வேண்டிய உழைப்பு. ஆஸ்திரியப் பேரரசில் அது 1848ல் ஒழிந்தது.

தமிழில் இதற்குச் சொந்தக்காரன் 'வெட்டி'. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊதியமற்ற கட்டாய உழைப்பு. இன்று வேலையில்லாமல் திரிபவனுக்கு வசவு. எஜமான் போய்ப் பல நூற்றாண்டு ஆனாலும் வார்த்தை போகவில்லை.

1989 நவம்பரில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்தபோது போக்குவரத்து எதிர்த்திசையில் ஆரம்பித்தது. மேற்கத்தியக் கம்பெனிகள் வந்தன. அவற்றோடு விண்ணப்பப் படிவம், ஒப்பந்தம், பயிற்சிக் கையேடு எல்லாம் ஆங்கிலத்தில் வந்து இறங்கின. செக்கில் இவற்றுக்கு வார்த்தை இல்லாமல் இல்லை. இருந்த வார்த்தைகளில் ஏற்கெனவே ஆள் குடியிருந்ததுதான் சிக்கல்.

'ஹியூமன் ரிசோர்சஸ்' என்ற சாதுவான பெயரை எடுத்துக்கொள்ளலாம். முந்தைய ஆட்சியில் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஆளெடுப்பைக் கவனித்தது 'கேடர் பிரிவு'. ஊழியரின் குடும்பப் பின்னணி என்ன, சர்ச்சுக்குப் போகிறாரா, உறவினர் யாராவது வெளிநாட்டுக்கு ஓடிப்போனார்களா என்பதெல்லாம் அதன் கோப்பில் இருக்கும். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பதைக்கூட அந்தக் கோப்பு தீர்மானிக்கலாம். வேலையால் அதற்கு நெருக்கமான பெயர், நினைவால் நெருங்கவே முடியாத பெயர். ஆகவே 'மனித வளங்கள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து, பிறகு அதையும் சுருக்கி எச்.ஆர். ஆக்கிக்கொண்டார்கள். அர்த்தம் புரியாத இரண்டு எழுத்து யாரையும் பயமுறுத்துவதில்லை.

'பிரிகாடா'வின் கதை இதற்கு நேர்மாறு. அந்தக் காலத்தில் அது பெயரளவில் தன்னார்வ உழைப்பு. நடைமுறையில் தப்ப முடியாது. பீருக்கான ஹாப்ஸ் பறிக்க மாணவர்களைக் கூட்டம் கூட்டமாக வயலுக்கு அனுப்புவார்கள். இன்று 'சம்மர் ஜாப்' என்பதற்குப் புழங்கும் சாதாரண வார்த்தை இதே பிரிகாடாதான். பேரன் பிரிகாடாவுக்குப் போகிறேன் என்றால் அவன் மனத்தில் இருப்பது ஓட்டல் வேலையும் கைச்செலவுப் பணமும். தாத்தாவுக்குத் தெரிவது ஹாப்ஸ் வயல். அகராதி இருவருக்கும் ஒன்று.

'மீட்டிங்' இன்னும் வேடிக்கை. அந்த ஆங்கிலச் சொல் முன்பே செக்கில் குடியேறிவிட்டது. ஆனால் அங்கே அது அரசியல் பொதுக்கூட்டம் அல்லது தடகளப் போட்டி. 'ஸ்ஹூஸெ' என்றால் கட்சி, தொழிற்சங்கக் கூட்டங்களின் கொட்டாவி ஞாபகம் வரும். அதையே சிறிதாக்கி 'ஸ்ஹூஸ்கா' என்றால் ஆபீஸ் சந்திப்பாகவும் இருக்கலாம், காதலர் சந்திப்பாகவும் இருக்கலாம். 'பொராடா' என்றால் கலந்தாலோசனை. ஆலோசனை யாரும் கேட்காத கூட்டத்துக்கும் அதுவே பெயர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஒப்பந்தம் என்று வரும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஃபுல் டைம்' நேரக் கணக்கு. செக்கில் அதற்குரிய வார்த்தையின் வேர் 'கட்டுதல்'. முழு நேர வேலை என்றால் முழுக் கட்டு, பாதி நேரம் என்றால் பாதிக் கட்டு. தமிழில் கால்கட்டு போடுவது கல்யாணத்துக்கு. செக்கில் கட்டு உத்தியோகத்துக்கு. கட்டில்லாத 'ஃப்ரீலான்சர்' அங்கே 'சுதந்திரமான காலில்' நிற்பவர்.

கேட்க அழகாக இருக்கும் இந்தச் சுதந்திரக் காலில்தான் பலர் தடுக்கி விழுந்தார்கள். ஒரே கம்பெனியில், அதே மேலாளரின் கீழ், அதே நேரத்துக்கு வந்து வேலை பார்ப்பவர் காகிதத்தில் மட்டும் தனித் தொழில் செய்பவர். சம்பளத்தோடு விடுமுறை இல்லை, முன்னறிவிப்பு உரிமை இல்லை, வரியும் காப்பீடும் அவர் தலையில். 1990களின் தொடக்கத்தில் இப்படி ஆள் வைத்துப் பிரபலமான மிரோஸ்லாவ் ஷ்வார்ட்ஸ் என்ற தொழிலதிபரின் பெயரால் இந்த ஏற்பாட்டுக்கே 'ஷ்வார்ட்ஸ் சிஸ்டம்' என்று பெயர் வந்துவிட்டது. சட்டம் இதைத் தடை செய்கிறது. ஆங்கில ஒப்பந்தத்தில் 'கான்ட்ராக்டர்' என்று இருப்பதைச் செக்கில் எழுதும் மொழிபெயர்ப்பாளர், ஊழியர் என்று போடுவதா தனித் தொழிலாளி என்று போடுவதா? நடைக்காக வார்த்தையை மாற்றும் விஷயமில்லை இது. கையெழுத்துப் போடுகிறவர் எந்த உரிமையோடு வீட்டுக்குப் போகிறார் என்பதே அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

வேலையை விட்டாரா, வேலையிலிருந்து நீக்கினார்களா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். செக்கில் இரண்டுக்கும் 'வீபோவ்யெத்'. கொடுத்தால் ராஜினாமா, வாங்கினால் நீக்கம். பேச்சு வழக்கில் வேலை போனவர் 'பாராசூட் வாங்கிக்கொண்டார்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'தங்கப் பாராசூட்' என்பது விலகும் பெரிய அதிகாரிக்குத் தரும் கொழுத்த தொகை. அதுவும் இப்போது செக்கில் புழங்குகிறது. ஒரே பாராசூட்; மேல்மாடிக்காரர் மெதுவாக இறங்குகிறார், கீழ்மாடிக்காரர் விழுகிறார்.

இலக்கணமும் சும்மா விடுவதில்லை. ஆங்கிலத்தில் 'நேற்று ரிப்போர்ட் எழுதினேன்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துவிடலாம். செக் வினைச்சொல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எழுதிக்கொண்டிருந்தாரா, எழுதி முடித்தாரா என்பதை வினையே காட்டிக்கொடுத்துவிடும். 'பாஸ் சொன்னார்' என்றால் தமிழ் மரியாதை ஆணா பெண்ணா என்று சொல்லாது. செக் வினை சொல்லியே தீரும். ஆங்கில 'யூ' மட்டும் தமிழருக்குப் பழகிய தலைவலி. நீயா, நீங்களா? பிராகில் அதை வயதில் மூத்தவரோ மேலதிகாரியோதான் முதலில் தளர்த்த வேண்டும். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அமெரிக்கக் கையேடு, மேலதிகாரியை 'இன்ஜினியர் சார்' என்று பட்டத்தோடு அழைத்துப் பழகிய ஆபீசில் இப்படித்தான் திணறுகிறது.

இனிக்கும் வார்த்தைகளைக் கம்பெனிகள் கண்டுபிடிப்பது புதிதல்ல. 1894ல் ஸ்லீன் நகரில் செருப்புத் தொழில் தொடங்கிய தோமாஷ் பாட்டாவின் கம்பெனியில் தொழிலாளிக்குப் பெயர் 'சக உழைப்பாளி'. 1930களில் கல்கத்தா அருகே பாட்டாநகரை உருவாக்கி, இந்தியாவில் பலர் சொந்த நாட்டுக் கம்பெனி என்றே நினைக்கும் அதே பாட்டாதான். சக உழைப்பாளி என்ற பெயரால் கூலியைத் தீர்மானிக்கும் அதிகாரம் கை மாறிவிடவில்லை. இன்றைய ஆங்கிலக் கையேடுகள் கஷ்டமான வேலையைச் 'சவால்' என்கின்றன. செக்கிலும் இப்போது அப்படியே. மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அந்த வார்த்தை சரியா என்பதோடு முடிவதில்லை. அது யாருடைய வசதிக்காக வந்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

பண்ணையார் போனார், ஆஸ்திரியப் பேரரசு 1918ல் போனது, கட்சி போனது. ஒவ்வொருவரும் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். பிராக் ஆபீசில் ஒருவரது பதவியின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கலாம். சாயந்திரம் வேலை முடிந்து எழும்போது அவர் சொல்வது 'ஃபைரோன்ட்'. ஜெர்மன் மொழி கொடுத்துவிட்டுப் போன சொல் அது. மதுக்கடையில் விளக்கை அணைக்கும்போதும் அதையே சொல்கிறார்கள். அதை மாற்ற எந்தக் கம்பெனியும் இதுவரை கையேடு போடவில்லை.