குடலுக்கு ஓய்வும் உழைப்பும்

உணவே மருந்தென்று மேடைகளிற் பேசுதல் எளிது. எவ்வுணவு, எந்நாளில் என்று வினவும்போதே இடர் தோன்றுகின்றது. ஒரே நோய்க்கு ஒன்றற்கொன்று மாறான இருவகை உணவு வேண்டப்படுமாயின், நோயாளியும் அவனுக்குச் சமைப்போரும் யாது செய்வர்?

இவ்வினா எம் இல்லத்தில் எழுந்து மூன்று ஆண்டுகளாகின்றன. அடிவயிற்றின் இடப்புறத்தே வலியும் காய்ச்சலும் கண்டு வைத்தியசாலை சென்றோம். ‘டைவேர்ட்டிகுலைற்றிஸ்’ என்றனர். பெருங்குடலின் சுவர், நலிந்த இடங்களிற் சிறு பைகளாகப் புறத்தே பிதுங்குவதுண்டு. பலருக்கு இப்பைகள் இருந்தும் துன்பம் செய்வதில்லை. அவற்றுள் ஒன்று அழற்சியுற்றால் அதுவே இந்நோய். மேலைநாட்டாருக்குப் பெரும்பாலும் இடப்புறத்தே தோன்றுவது, ஆசிய மக்களுக்கு வலப்புறத்தும் வருதலால், குடல்வால் நோயென மயங்குதலும் உண்டு.

அழற்சி மூண்ட நாள்களிற் குடலுக்கு ஓய்வு வேண்டும். வைத்தியர் சொற்படி முதலில் வடித்த கஞ்சித் தண்ணீர், தெளிந்த இரசம். வலி தணியத் தணியக் குழைந்த வெள்ளைச் சோறு, பாண். நலமுற்ற பின்னரோ குடலுக்கு உழைப்பு வேண்டும். தவிடு நீங்காத அரிசி, குரக்கன் பிட்டு, பயறு, கீரை, பழம் ஆகிய நார்ப்பொருள் மிக்க உணவுகளே அப்போது உரியவை.

இம்மாற்றத்தை எம் அன்னையார் ஏற்கவில்லை. “தம்பி, புண்பட்ட குடல், குரக்கன் வேண்டாம்” என்று மாதக்கணக்கிற் குழைசோறே இட்டார். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. நெடுங்காலம் மேலைநாட்டு வைத்தியர்களும் அவர் கட்சியினரே. 1971இல் பெயின்ரர், பேர்க்கிற் என்னும் இருவர், நார்ப்பொருள் குன்றிய உணவே இந்நோய்க்கு ஏதுவெனப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். அதன் பின்னரே பழைய கொள்கை தளர்ந்தது. நார்ப்பொருட் குறைவு ஒன்றே காரணமன்று. புகைத்தல், உடற்பருமன், பரம்பரை ஆகியனவும் பங்குடையன என்பது இன்றைய தெளிவு. கொட்டை வகைகள் பைகளிற் சிக்கும் என்ற அச்சமும் நீங்கியுள்ளது. 47,228 அமெரிக்க ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, கொட்டைகளும் சோளமும் உண்பதால் இந்நோய் மிகவில்லை என்றே கண்டது.

இரண்டாம் முறை நோய் மூண்டபோது வைத்தியர் சத்திரசிகிச்சை பற்றிப் பேசலானார். அன்றுதான் அன்னையார் இறங்கி வந்தார். அரிசிமாவிலே ஒரு கைப்பிடி குரக்கன் மாவைக் கலந்தார். சில நாள் கழித்து இரண்டு கைப்பிடி. நார்ப்பொருளைத் திடீரெனப் பெருக்கினால் வயிறு ஊதும், சிறிது சிறிதாகவே கூட்டுதல் நன்று என்பது வைத்தியர் கூற்று. அன்னையாரின் அச்சமே அம்முறையைத் தவறாது நடத்தியது!

உணவோடு பழக்கமும் மாறவேண்டும். பாடத்துக்குப் பாடம் தண்ணீர் அருந்துகின்றோம். மாலையில் அரைமணி நேரம் நடக்கின்றோம். மலங்கழிக்கும் உணர்வு வந்தால் மணியோசைக்குக் காத்திருப்பதில்லை. இபுபுரோபன் போன்ற வலிமாத்திரைகள் இந்நோய்க்கு ஆகாதன. ஆதலால் வைத்தியரைக் கேளாது எதனையும் விழுங்குவதில்லை. ஒன்றரை ஆண்டுகளாக நோய் திரும்பவில்லை.

ஆயினும் கடுங்காய்ச்சல், ஓயாத வலி, வாந்தி, இரத்தப்போக்கு ஆகியன கண்டால் அடுப்படி வைத்தியம் உதவாது. பை துளைபட்டால் உயிருக்கே ஆபத்து. அவ்வேளை வைத்தியசாலைக்கே விரைதல் வேண்டும். மற்றைய நாள்களில், நோயாளியை நாளும் நோயாளியாகவே வைத்திருக்கும் குழைசோற்றை, அன்புடைய இல்லத்தார் உரிய காலத்தில் நிறுத்துவாராக.