கரையானும் எலியும்

சேந்தமங்கலம் பக்கத்தில் கொல்லிமலை என்றால் அறப்பளீஸ்வரர், மிளகு, பலா என்று வரிசை வரும். என் வரிசையில் கரையானும் உண்டு. வாழவந்தியில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரி கட்டிய மரவீடு அதற்குக் காரணம். இங்கிலாந்தில் கட்டட வேலை பழகி வந்தவர். வீட்டைக் கல்தூண்களின்மேல் தூக்கி நிறுத்தி, தூண்தோறும் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாராம். தூணில் ஏறும் கரையான் அந்த விளிம்போடு நின்றுவிடும்.

அந்த வீட்டில் வளர்ந்த மகன்தான் பால் பிராண்ட். மலையை நினைத்தால் எனக்கு வேலூரும் கூடவே வருவது அவரால்தான்.

மிஷன்காரர்களின் கல்லூரிக் கட்டடம் என்றதும் மதுரை அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் மண்டபம்தான் கண்முன் நிற்கும். வேலூர் பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1951இல் எழுந்தவையோ வெள்ளையடித்த மண்வீடுகள். நவ ஜீவ நிலையம் என்று பெயர். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திவிட்டார் பால். நிமிர்ந்த கைக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை, பிச்சையும் குறைந்துபோனது. அதனால் ஊர்வீடு போலவே கட்டி, அங்கே தங்கவைத்து, தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். பாலும் மருத்துவம் படிக்குமுன் கட்டட வேலை கற்றவர். உளிப்பிடி எந்த இடத்தில் கையை அழுத்தும் என்று அவருக்குத் தெரியும்.

நன்றாக ஆறிய விரல் சிலருக்குக் காலையில் குறைந்திருந்தது. காவலிருந்து பார்த்தபோது எலி. மரத்த விரலைக் கடித்தாலும் தூக்கம் கலையவில்லை. அதன்பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாமல் படும் காயங்கள்தாம் தின்கின்றன என்பது அங்கே உறுதியானது.

எலியைப் படித்த அன்று வாழவந்தியின் கவிழ்த்த சட்டிகள் ஞாபகம் வந்தன. உத்திரத்துக்கும் வலி தெரியாது. அரித்துத் தீரும்வரை வீட்டுக்காரனுக்குச் சேதி வராது. ஜெஸ்ஸி 1929இல் மலையிலேயே கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பாலுக்கு வயது பதினான்கு.

1966இல் பால் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் மரத்த கால்களிலும் இதே கதையைக் கண்டார். இன்று நாமக்கல்லில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகிறவரிடம், ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்கிறார்கள். அந்த அறிவுரைக்குப் பின்னால் பாகாயத்து மண்வீடுகளின் பாடமும் இருக்கிறது.