வெட்டி எடுத்த பதில்கள்

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு வாயைக் கட்டுவதால் ஊர், பள்ளி, பெயர் எதையும் சொல்ல மாட்டேன். பையனுக்குப் பதினாறு வயது. உடன் படிக்கும் மாணவி ஆண்டு விழாவில் பாடிய வீடியோவை எடுத்து, இன்ஸ்டாகிராமில் ஒரு ஃபேக் ஐடி தொடங்கி, அவள் குரலையும் பல்லையும் வைத்து வாரக்கணக்கில் மீம் போட்டிருக்கிறான். அவள் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அவள் அம்மா புகார் கொடுத்தார். பையனுக்காக வாதாடிய வக்கீல் நான்.

காகிதங்களைப் புரட்டியதும் முதலில் கண்ணில் பட்டது 66ஏ. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. செத்த பிரிவில் வழக்குப் போடுவது அதன் பிறகும் நிற்கவில்லை. 2022-இல் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. “இதை வச்சே பாதியை உடைச்சிடலாம் சார்” என்று ஜூனியர் துள்ளினார். பாதியைத்தான் உடைக்கலாம். பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் மிச்சம் இருந்தது. தவிர, அந்தப் பெண் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும்போது பிரிவு எண்ணில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

போலீஸ் இரண்டு கட்டு பிரிண்ட் அவுட் இணைத்திருந்தது. ஒன்று அவன் போட்ட பதிவுகள். இன்னொன்று ஐந்து பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குரூப். நேரத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மீமும் போட்ட அதே ராத்திரி ஸ்கிரீன்ஷாட்டாகக் குரூப்புக்குப் போயிருக்கிறது. அங்கே நால்வரின் சிரிப்பு எமோஜி. சிரிப்பு குறைந்த ராத்திரிகளில் அடுத்த மீம் இன்னும் கொடூரமாக வந்திருக்கிறது.

சில பதிவுகளின் கீழே அந்தப் பெண் கேட்டிருந்தாள்: “யாரு நீ? நான் உனக்கு என்ன பண்ணேன்?” குரூப்புக்குப் போன ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வரியை மட்டும் காணோம். வெட்டியிருந்தான்.

“ஏன் தம்பி இதை வெட்டின?”

வெகுநேரம் தரையைப் பார்த்தான். “அது இருந்தா காமெடி போயிடும் சார்.”

முகம் தெரியாததால் திரைக்குப் பின்னால் மனிதர்கள் கட்டவிழ்ந்துவிடுகிறார்கள் என்று 2004-இல் உளவியலாளர் ஜான் சூலர் எழுதினார். அது சரிதான். ஆனால் இவனுக்கு அந்த விளக்கம் போதவில்லை. அவளுக்கு வலிப்பது உறைக்காமல் இருந்திருந்தால் அந்த வரியை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. உறைத்திருக்கிறது, நண்பர்களுக்கு உறைக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டான். அந்தப் பெண்ணிடம் அவனுக்குக் கோபம் எதுவும் இல்லை, ஒரு வார்த்தை பேசியதுகூட இல்லை. அவன் எழுதியதெல்லாம் அந்த நாலு பேருக்காக.

2005-இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் பதின்வயதினர் கூடுதலாகத் துணிந்தார்கள்; பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. நம் பிள்ளைகளுக்கு நண்பர்கள் ராத்திரி போர்வைக்குள்ளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

இளைஞர் நீதிக் குழுமத்தில் முதன்மை நடுவரோடு சமூகப் பணி உறுப்பினர்கள் இருவர் அமர்வார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். “தெரியாமல் செய்த பிள்ளை” என்ற வழக்கமான பல்லவியை நான் பாடவில்லை. கோப்பில் ஏற்கெனவே இருந்த அந்த வெட்டலையே காட்டினேன். கூசாதவன் வெட்ட மாட்டான், கூச்சம் இருக்கிறவனைத் திருத்த முடியும் என்பதுதான் என் வாதம். பெண் உறுப்பினர் இரண்டு கட்டையும் வாங்கி நெடுநேரம் படித்தார். கண்டித்து, ஆலோசனைக்கு அனுப்பினார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு இடைஞ்சலாகுமா என்று பையனின் அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். 24-ஆவது பிரிவு தகுதியிழப்பு எதுவும் வராமல் காப்பதை விளக்கினேன். மன்னிப்புக் கடிதத்தைப் பெண்ணின் அம்மா வாங்கவே இல்லை. “கடிதம் எதுக்குங்க, எல்லாப் போன்லயும் அது அழியணும்” என்றார். நியாயமான ஒரே கோரிக்கை அதுதான்.

அந்த நால்வருக்குச் சம்மன் போகவில்லை. சிரித்ததற்குப் பிரிவு ஏது?

வெளியே வரும்போது, “அந்தக் குரூப்பை விட்டு வந்துட்டியா?” என்று கேட்டேன்.

“அட்மினே நான்தான் சார். நான் போனா இன்னொருத்தன் அட்மின் ஆயிடுவான், அவ்வளவுதான்.”