கடலுக்குள் கத்தி கொண்டு போகலாமா?

போளூரில் இருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறுகிறவர்களுக்கு வனத்துறையின் கட்டுப்பாடுகள் புதிதல்ல. ஜவ்வாது மலை சந்தன மரம் வளரும் மலை. காப்புக்காட்டுக்குள் அரிவாளோடு நுழைந்தால், 'எதற்கு இது?' என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

அதே போளூரைத் தாண்டித்தான் திருப்பதி - ராமேஸ்வரம் விரைவு ரயில் போகிறது. அதில் ஏறி, பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கினாலும் நிலைமை அதேதான். அதே காக்கி உடை, அதே வனத்துறை. ஆனால் அங்கே அவர்கள் காவல் காப்பது மரங்களை அல்ல, தண்ணீரை. மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவும் சட்டத்தின் பார்வையில் ஒரு காடுதான்.

தூத்துக்குடியில் தொடங்கி ராமேஸ்வரம் வரை கடலில் சிதறிக் கிடக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இப்போது கணக்கெடுத்தால் இரண்டு தீவுகள் குறையும். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. அந்தத் தீவுகளுக்கு அரணாக இருந்த பவளப்பாறையை ஆண்டுக் கணக்கில் கடப்பாரையால் பெயர்த்து, சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் படகு படகாக ஏற்றியதுதான் முக்கியக் காரணம். அலையைத் தடுக்கச் சுவர் இல்லாத தீவு எத்தனை நாள் தாங்கும்? 2001-ல் பவளங்களை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது.

சரி, இப்போது ஒருவர் ஸ்கூபா கற்றுக்கொண்டு, சான்றிதழும் கையில் வைத்துக்கொண்டு, 'அந்தத் தீவுப் பக்கம் ஒரு முக்கு முக்கிவிட்டு வரலாம்' என்று கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இடுப்பிலோ காலிலோ சின்னதாக ஒரு கத்தி கட்டியிருப்பார். சண்டைக்காக அல்ல, அறுந்து மிதக்கும் மீன் வலையில் கால் சிக்கினால், அதை வெட்டிக்கொண்டு மேலே வருவதற்கு. டைவிங்கில் அது உயிர் காக்கும் பொருள்.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. துப்பாக்கி, வெடிமருந்து, வில் அம்பு என்று போகும் அந்தப் பட்டியலில் தூண்டில் முள்ளும், கத்தியும், வலையும்கூட உண்டு. தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்துமூலம் அனுமதி தராமல், ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது 31-ம் பிரிவு. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். ஆக, உயிர் காக்கும் அந்தக் கத்தி சட்டப்படி ஒரு ஆயுதம். கத்தி மட்டுமல்ல, ஆளே அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. புகைப்படம் எடுப்பது, ஆராய்ச்சி செய்வது, சுற்றிப் பார்ப்பது என எதற்காகப் போனாலும் அதற்கென்று அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். யானையையும் சிறுத்தையையும் மனதில் வைத்து எழுதிய சட்டம் என்று தோன்றலாம். ஆனாலும் கடலில் அது எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது ஆச்சரியம்தான்.

அனுமதியோடு சிலிண்டர் மாட்டிக்கொண்டு இந்தக் கடலில் இறங்குகிறவர்களும் உண்டு. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர், தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தைப் பல வருடங்களாக முக்குளித்துக் கணக்கெடுத்து வருகிறார்கள். சிமென்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்ப்பதும் அவர்கள் வேலை. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் நீர் சூடாகிப் பவளங்கள் வெளுத்துப்போன கணக்கெல்லாம் இப்படித் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்துத்தான் தெரியவந்தது.

உலகத்தில் மற்ற கடல் பூங்காக்கள் கத்தியைவிட அதிகம் கவலைப்படுவது கையுறையைப் பற்றி! கரீபியன் கடலில் உள்ள பொனேர் தீவு, 1979-லேயே தன்னைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும் பூங்காவாக்கிய இடம். அங்கே பொதுவாக டைவர்கள் கையுறை அணியக் கூடாது. மீன் குத்தும் ஈட்டிக்கும் தடை. புதிதாக வருகிறவர் முதலில் விதிமுறை விளக்கத்தைக் கேட்டு, ஆழமில்லாத இடத்தில் மிதந்து காட்டிய பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகலாம். கையுறையில் என்ன தப்பு? கை வெறுமையாக இருந்தால் பாறையைத் தொட யோசிப்போம். உறை மாட்டிவிட்டால் தைரியம் வந்துவிடும். கொஞ்சம் தடுமாறினாலும் பிடித்துக்கொள்வோம். நாம் பிடித்துக்கொள்வது பாறை அல்ல, உயிர்! குண்டாக வளரும் பவள வகைகள் பலவும் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. பத்து வயதுப் பையன் அளவு உயரம் வர நூறு வருடத்துக்கு மேல் ஆகும்.

மற்ற கருவிகளும் சளைத்தவை அல்ல. காலில் மாட்டும் துடுப்பு, அதாவது ஃபின்ஸ், நீளமானது. பழகாதவர் திரும்பிப் பார்க்காமல் உதைத்தால் பின்னால் ஒரு கிளை உடைந்திருக்கும். உடையாவிட்டாலும் கிளம்பும் மணல் பவளத்தின் மேல் படிந்து மூச்சு முட்ட வைக்கும். இடுப்பில் ஈய எடையை அதிகமாகக் கட்டியவர் அடியில் போய் நிற்பார். நிற்கிற இடம் எப்போதும் மணலாக இருப்பதில்லை. ஆபத்துக்கு உதவும் இரண்டாவது காற்றுக் குழாய்க்கு டைவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆக்டோபஸ்'. உடம்போடு சேர்த்து மாட்டாமல் தொங்கவிட்டால், அது ஒவ்வொரு பாறையாகத் தட்டிக்கொண்டே வரும். நிஜ ஆக்டோபஸால் பவளத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அந்தமான் போகிற தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கண்டிப்பை வேறு விதத்தில் பார்த்திருக்கலாம். வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாய் தீவுக்குப் படகேறும் முன் பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லை. குழந்தைக்கு வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டும் கரையிலேயே தங்கிவிடும்.

மறுபடியும் மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். ஸ்கூபா என்ற சொல் வருவதற்கு முன்பே இங்கே முக்குளித்தவர்கள் இருக்கிறார்கள். முத்துக் குளித்தார்கள், சங்கு குளித்தார்கள். கடைகளில் விற்கும் ரப்பர் ஃபின்ஸுக்குப் பதிலாக அலுமினியத் தகட்டைக் காலில் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் இறங்கி ஏறுவது சங்கு குளிப்பவர்களின் பழக்கம்.

பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் எடுப்பது பாசி. அகர் தயாரிக்க உதவும் மரிக்கொழுந்துப் பாசிக்கும், கட்டக்கோரைக்கும் கம்பெனிகளில் தேவை உண்டு. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒரு வலைப்பை. கையுறை வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொள்கிறார்கள். சிலிண்டர் கிடையாது. பாறையின் கூர் முனை விரலைக் கிழிக்காமல் இருக்க அந்தத் துணிதான் காப்பு. பொனேரில் தடை செய்த கையுறையின் வேலையைத்தான் இந்தத் துணியும் செய்கிறது. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவரின் கையுறையும், வயிற்றுப்பாட்டுக்காக இறங்குகிறவரின் கிழிசலும் ஒன்றாகிவிடுமா?

தீவுகள் பூங்காவான பிறகு, தலைமுறைகளாகப் போய்வந்த இடத்துக்கே இவர்கள் பயந்து பயந்து போகும்படி ஆனது. வனத்துறையோடு உரசல், படகுக்கு அபராதம், பறிபோன பாசி என்று நீண்ட கதை அது. ஆனால் இந்தப் பெண்கள் வெறுமனே புலம்பிக்கொண்டிருக்கவில்லை. பாசியைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டுவிட்டுக் கையால் மட்டுமே பறிப்பது என்று தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்றும் வைத்துக்கொண்டார்கள். கருவிக் கட்டுப்பாடு என்றால் இதுதானே? இவர்களின் குரலாக நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்து மூடி, விஞ்ஞானிகளைக் கவலைப்பட வைத்தது கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. வளர்ப்புக்காகக் கொண்டுவந்தது. முதலில் ஊக்குவித்த கம்பெனியின் பெயராலேயே மீனவர்கள் அதை 'பெப்சி பாசி' என்கிறார்கள். அது யார் விரலில் இருந்தும் வரவில்லை.

அந்தக் குருசடைத் தீவை இப்போது சாதாரணப் பயணியும் பார்க்கலாம். 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய குந்துகாலில் இருந்து வனத்துறை ஏற்பாட்டில் படகு போகிறது. சிலிண்டரும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். காற்று பலமாக இருந்தால் படகு எடுக்க மாட்டார்கள் என்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. சின்னப்பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. பாசி எடுக்கும் நாளாக அமைந்தால், பெண்கள் படகில் உட்கார்ந்து விரலில் துணி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பத்து விரலுக்கும் சுற்றி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.