ஆடிட்டருக்குக் கோபம் வந்தால்...

பலசரக்குக் கடையில் கொஞ்ச நேரம் நின்று, அட்டைப்பெட்டிகளைப் படித்துப் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு எதை எடுத்தாலும் 'எதிர்ப்பு சக்தி'தான். சத்துமாவில், டீத்தூளில், பிஸ்கட்டில்கூட! அதிகரிக்கும், பெருகும், இரட்டிப்பாகும் என்கிறார்கள். 'போதும்' என்று சொல்கிற ஒரு டப்பாவைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, ஒரு கேள்வி. அது நிஜமாகவே எல்லை மீறினால் என்ன ஆகும்?

என் அக்காவைக் கேளுங்கள், சொல்வாள். ஐம்பதைத் தாண்டிய புதிதில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. குழாயைத் திருக முடியாது, தோசைக் கரண்டி பிடிக்க முடியாது. வெந்நீரில் கையை முக்கி வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் தேவலையாகும். "வயசாச்சுல்ல" என்றார்கள் எல்லோரும். தைலம் வந்தது, வேறு தைலம் வந்தது. கடைசியில் ரத்தப் பரிசோதனையில்தான் பெயர் தெரிந்தது... ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழில் முடக்குவாதம்.

டாக்டர் சொன்னார்: "உங்க அக்காவுக்கு எதிர்ப்பு சக்தி கம்மின்னு நினைக்காதீங்க சார். அது ஆள் தெரியாம அடிக்குது."

நான் பி.காம். எனக்கு எதையும் கம்பெனிக் கணக்கில் சொன்னால்தான் ஏறும். ஒரு இன்டர்னல் ஆடிட்டர் இருக்கிறார். வெளியிலிருந்து வரும் போலி பில்லைப் பிடிப்பது அவர் வேலை. ஒருநாள் திடீரென்று சொந்த ஊழியர்களையே மோசடிப் பேர்வழிகள் என்று முடிவு கட்டி, ஒவ்வொருவராக வெளியே தள்ள ஆரம்பித்தால்? அக்காவின் மூட்டுகளை உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் நடந்தது அதுதான். சிறு வயதில் வரும் டைப் 1 சர்க்கரை நோயிலும் இதே கூத்துதான். அங்கே அடி வாங்குவது இன்சுலின் சுரக்கும் செல்கள்.

வைத்தியம் என்ன? ஆடிட்டரை அடக்கி வைப்பது. வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. மெடிக்கல் ஷாப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது கேன்சருக்குக் கொடுக்கிறதாச்சே" என்று சொல்லிவைக்க, அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை. பல மடங்கு அதிக அளவில் புற்றுநோய்க்கும் அதே மருந்துதான். (வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் என்று நினைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டால் அட்டையில் கிழமையைக் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்.)

எதிர்வீட்டு மாமி ஒரு நாள் எதிர்ப்பு சக்திக் கஷாயப் பொடி கொண்டுவந்தார். அக்கா வாங்கவில்லை. "எனக்கு இருக்கிறதே ஜாஸ்தி மாமி. வேணும்னா நீங்க கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?"

அவளுக்கு மாத்திரை மட்டும் போதவில்லை. அடுத்தது ஊசி. இதன் பின்னால் ஒரு லூதியானாக்காரர் இருக்கிறார். ரவீந்தர் மைனி. அங்கே பிறந்து, லண்டனில் டாக்டரானவர். அவரும் மார்க் ஃபெல்ட்மனும் சேர்ந்து, வீக்கத்தைக் கிளப்பிவிடும் டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு ரசாயனத்தைத் தடுத்தால் போதும் என்றார்கள். பலர் நம்பவில்லை. 1992-ல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்தது, வலி குறைந்தது.

ஆனால், ஊசி போடும் முன் டாக்டர் கேட்ட கேள்வி எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?" இருந்தது, பெரியப்பாவுக்கு. நம் ஊரில் ஏராளமானோர் உடம்பில் டி.பி. கிருமி சத்தமில்லாமல் தூங்குகிறது. அதைச் சுற்றி மதில் கட்டி வைத்திருப்பது இதே எதிர்ப்பு சக்திதான். மதிலுக்குச் சிமென்ட் மாதிரி இதே டி.என்.எஃப். அதைத் தடுத்தால் மதில் சரியும். அக்காவுக்கு டெஸ்ட் பாசிட்டிவ். வலியைப் பொறுத்துக்கொண்டு, ஒரு மாதம் டி.பி. தடுப்பு மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் முதல் ஊசி.

இதற்கு நேரெதிராக, ஆடிட்டரை வேண்டுமென்றே உசுப்பிவிடும் வைத்தியமும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய். எல்லா சிகிச்சையும் தோற்றாயிற்று. 2012 ஏப்ரலில், அவளுடைய டி செல்களையே வெளியே எடுத்து, புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டுகொள்ளும்படி மாற்றி, திரும்ப உடம்புக்குள் ஏற்றினார்கள். கார்-டி என்கிறார்கள். குழந்தைகளில் முதல் ஆள் அவள்தான். செல்கள் வேலையை ஆரம்பித்தன, உடம்பு கொதித்தது. காய்ச்சல் 105 டிகிரி. வென்டிலேட்டர். ரத்தத்தில் இன்டர்லூகின் 6 என்ற ரசாயனம் எக்கச்சக்கம்.

அந்த சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறு வயதிலேயே மூட்டுவாதம். அதனால் இன்டர்லூகின் 6-ஐத் தடுக்கும் ஒரு மூட்டுவாத மருந்து புதிதாக வந்திருப்பது அவருக்குத் தெரியும். டோசிலிசுமாப். (2021 கொரோனா இரண்டாம் அலையில் நம் ஊரில் அலைந்து திரிந்து தேடினார்களே, அதேதான்.) கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. எமிலி கண் விழித்தது அவளுடைய ஏழாவது பிறந்த நாளன்று. புற்றுநோய் திரும்ப வரவில்லை.

மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நம் நாட்டு கார்-டிக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. விலை அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதுவே லட்சக்கணக்கில்தான் என்பது வேறு விஷயம்.

எமிலியின் கதையை அக்காவிடம் சொன்னேன். "நம்ம மூட்டுவலி மருந்தா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அவளுக்கு அடுத்த ஊசி செவ்வாய்க்கிழமை. அதற்குள் ஏதாவது தொற்று வந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டும். பேத்திக்கு இரண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறது. அக்கா மாஸ்க் போட்டுக்கொண்டு, ரசம் சாதத்தைப் பிசைந்து உருட்டி, அவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.